ஒப்பந்தப்புள்ளிக்கு முன்பே எங்களைக் கூப்பிடுங்கள்

மறுசுழற்சி நீர்த் திட்டங்களைத் தீர்மானிக்கும் உள்ளாட்சி மன்ற உறுப்பினர்களுக்கும், குடிநீர் கழிவுநீர் வாரியங்களின் பொறியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கொஞ்ச காலத்துக்கு முன்பு ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பாதாளச் சாக்கடை நீரைச் சுத்திகரித்து முதலில் பூங்காக்களுக்கும் வயல்களுக்கும் கொடுப்பது, பிறகு குடிநீர் எடுக்கும் ஏரியில் கலப்பது என்று ஒரு திட்டம். மேடையில் திரை கட்டியிருந்தார்கள். இடப்பக்கம் பழுப்பு நிற அம்புக்குறி ஒன்று நிலையத்துக்குள் போனது, வலப்பக்கம் நீல நிற அம்புக்குறி வெளியே வந்தது. நாற்பது நிமிடம் விளக்கம். கடைசிப் பத்து நிமிடம் கேள்விகளுக்கு.

மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்தார். “பெருமழை பெய்தால் மழைத்தண்ணீரும் சாக்கடைக்குள் வந்துவிடுகிறது. எங்கள் தெருவில் மேன்ஹோல் மூடியே மிதக்கும். அன்றைக்கு உங்கள் நிலையம் தாங்குமா? தாங்காவிட்டால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? எங்களுக்கு யார் வந்து சொல்வார்கள்?” என்று கேட்டார்.

“அதெல்லாம் வடிவமைப்பிலேயே பார்த்துக்கொண்டோம்மா, கவலைப்படாதீர்கள்” என்று பதில் வந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோதுதான் தெரிந்தது, திட்டத்துக்கு முந்தைய மாதமே ஒப்பந்தப்புள்ளி கோரிவிட்டார்கள் என்று. அப்படியானால் அன்றைக்கு எங்களிடம் எதைக் கேட்டார்கள்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்த மடல் அதனால்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மறுசுழற்சி நீருக்கு எதிரி இல்லை. ஒருமுறை பயன்படுத்திய நீரைக் கடலிலும் ஆற்றிலும் விட்டுவிட்டு, புது நீருக்காக நூறு கிலோமீட்டர் குழாய் போடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968லிருந்து கழிவுநீரைச் சுத்திகரித்து நேரடியாகக் குடிநீரில் கலந்துவருகிறது. அரை நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. ஆற்றோரம் இருக்கிற எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், மேலே இருக்கும் ஊர் விட்ட கழிவுநீரின் ஒரு பங்கு அதன் குடிநீருக்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது. பெயர் வைக்காமல், யாரிடமும் சொல்லாமல் நடப்பது என்பதுதான் வித்தியாசம். அதைவிட அளந்து, வடிகட்டி, சோதித்துத் தருவது எவ்வளவோ மேல்.

அதனால் தொழில்நுட்பத்தின்மேல் எனக்குச் சண்டை இல்லை. முடிவு எடுக்கிற முறைதான் என் குறை.

ஆஸ்திரேலியாவின் டூவூம்பா நகரத்தின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழும் ஊர். கடும் வறட்சி, அணைகள் வற்றிக்கொண்டிருந்தன. சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீரில் 25 சதவீதம்வரை சேர்க்கலாம் என்று நகர மன்றம் 2005ல் திட்டம் கொண்டுவந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் மக்கள் முன் வந்தபோதே அது முடிந்த திட்டமாக வந்தது. வேறு வழிகள் என்னென்ன, அவற்றுக்கு என்ன செலவு, ஏன் இதைத் தேர்ந்தெடுத்தோம் என்பதை ஊரோடு சேர்ந்து உட்கார்ந்து பேசவில்லை. அப்புறம் மத்திய அரசு, மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் கிடைத்தால்தான் நிதி என்றது. ஊர் இரண்டாகப் பிரிந்தது. 2006 ஜூலை 29 அன்று நடந்த வாக்கெடுப்பில் 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். பிறகு வேறோர் அணையிலிருந்து குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அது முடிய 2010 ஆயிற்று.

இந்தக் கதையை அதிகாரிகள் பல இடங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். “பார்த்தீர்களா, மக்களிடம் கேட்டால் இப்படித்தான் ஆகும்” என்று முடிப்பார்கள். எனக்கு அது தலைகீழ்ப் பாடமாகப் படுகிறது. டூவூம்பாவில் மக்களைக் கேட்டது மிகவும் தாமதமாக. அதுவும் ஆமாம், இல்லை என்ற இரண்டு சொல்லுக்குள் அடைத்துக் கேட்டார்கள். “தோட்டத்துக்குச் சரி, குடிக்க இப்போது வேண்டாம்” என்று ஒருவர் நினைத்தால் அதைச் சொல்ல அந்த வாக்குச்சீட்டில் இடம் ஏது? சந்தேகம் உள்ளவருக்கு அங்கே கிடைத்த ஒரே கதவு ‘வேண்டாம்’ என்பதுதான்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இருக்கும் சான் டியேகோ நகரத்தைப் பாருங்கள். ஒரே ஊர், ஒரே தொழில்நுட்பம், இரண்டு விதமான முடிவு. 1990களில் இதே போன்ற திட்டத்தை அந்த நகரம் முன்வைத்தபோது, ‘கழிப்பறையிலிருந்து குழாய்க்கு’ என்ற பட்டப்பெயரே அதைச் சாய்த்துவிட்டது. பட்டப்பெயரை மட்டும் குறைசொல்லித் தப்பிக்க முடியாது. வசதியானவர்கள் பகுதியின் கழிவுநீர் ஏழைகள் வாழும் பகுதியின் குழாயில் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தது. ‘யாருடைய தண்ணீர், யாருடைய வாய்க்கு’ என்ற அந்தக் கேள்விக்கு நம்பும்படியான பதில் இல்லை. 1999ல் திட்டம் நின்றது. பத்தாண்டுக்குப் பிறகு மாதிரி நிலையம் ஒன்றைக் கட்டினார்கள். மக்களை உள்ளே அழைத்துக் காட்டினார்கள், சோதனை முடிவுகளை வெளியிட்டார்கள். 2004ல் எடுத்த கருத்துக்கணிப்பில் கால்வாசிப் பேர்தான் குடிநீரில் கலப்பதை ஆதரித்தார்கள். 2012ல் அது ஏறக்குறைய முக்கால்வாசி ஆனது. 2014ல் நகர மன்றம் திட்டத்தை ஒருமனதாக ஏற்றது. இடையில் ஊர் மக்களின் மூளை மாறிவிடவில்லை. அவர்களை நடத்திய விதம் மாறியது.

பக்கத்திலேயே இருக்கும் ஆரஞ்சு கவுண்டி இந்தப் பாடத்தை முன்கூட்டியே படித்துக்கொண்டது. அங்கே நிலையம் 2008 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. ஊரோடு பேசத் தொடங்கியது அதற்கு ஏறக்குறைய பத்தாண்டு முன்பு. மருத்துவர்கள், வணிகர்கள், குடியிருப்போர் சங்கங்கள் என்று ஒவ்வொரு குழுவாக, அவர்கள் கூடும் இடத்துக்கே தேடிப் போனார்கள். தொடங்கும்போது நாளுக்கு 26 கோடி லிட்டர் அளவு. இரண்டு முறை விரிவாக்கி, 2023ல் 49 கோடி லிட்டரைத் தொட்டார்கள். அந்த நீர் நிலத்தடியில் இறங்கி, பிறகு கிணறுகள் வழியாகக் குடிநீராக வருகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரமும் அவசரப்படவில்லை. 2010 முதல் 2012வரை சோதனை ஓட்டம், பார்வையாளர்களுக்குத் திறந்த கதவு, அதன் பிறகு 2017ல் முழு அளவு நிலையம்.

சிங்கப்பூரையும் எல்லோரும் சொல்வார்கள். 2002 தேசிய நாளில் அறுபதாயிரம் பேர் அந்தத் தண்ணீர்ப் புட்டியை உயர்த்திப் பிடித்துக் குடித்தார்கள், 2003ல் பார்வையாளர் மையம் திறந்தார்கள், அதற்கு ‘நியூவாட்டர்’ என்று நல்ல பெயரும் வைத்தார்கள். நிலையத்தின் கதவைத் திறந்து காட்டுவதில் அவர்கள் நல்ல முன்மாதிரி. ஆனால் திறந்து காட்டுவதும் கலந்து முடிவெடுப்பதும் வேறு வேறு. பெயரும் புட்டியும் மட்டும் போதும் என்று யாரும் அங்கிருந்து பாடம் எடுத்துக்கொண்டு வந்துவிடக் கூடாது.

“மக்களுக்கு அருவருப்பு, அதை மாற்ற முடியாது” என்று ஒரு வாதம் உண்டு. அருவருப்பு உண்மைதான். அதைக் கேலி செய்யாதீர்கள். சாக்கடையிலிருந்து விலகி நில் என்று சொல்லிச் சொல்லித்தான் மனிதன் பிழைத்து வந்திருக்கிறான். பால் ரோசின் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்காவில் இரண்டாயிரம் பேருக்கு மேல் கேட்டு, 2015ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சுத்திகரித்த நீரைத் தொடவே மாட்டேன் என்றவர்கள் 13 சதவீதம். குடித்துப் பார்க்கத் தயார் என்றவர்கள் 49 சதவீதம். மீதி 38 சதவீதம் பேர் ‘தெரியவில்லை’ என்றார்கள். எனக்கு அந்த 38தான் முக்கியம். மூன்றாவது வரிசை அம்மா அந்த 38ல் ஒருவர். அவர் திட்டத்தை எதிர்க்க எழுந்து நிற்கவில்லை. பதில் கேட்டு எழுந்து நின்றார். அவரை உட்காரவைத்த அந்த ஒரு வாக்கியம், அவரை 13ன் பக்கம் தள்ளியிருக்கும்.

ஒரு சுத்திகரிப்பு நிலையத்தை உள்ளே போய்ப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிடைத்தது. வாசலில் நாற்றம் ஆளை அடித்தது. உள்ளே முதல் வேலையே கம்பி வலைதான். அதில் சிக்கியிருந்ததை ஓர் ஊழியர் நீண்ட வாருகோலால் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். துணிக் கிழிசல், நாப்கின், பாலிதீன் பை, குழந்தையின் ஒற்றைச் செருப்பு. “இங்கே வருவதெல்லாம் நீங்கள் அனுப்புவதுதான்” என்றார், குறையாகச் சொல்லாமல், தகவலாக. கடைசியில் ஒரு மேசையில் மூன்று கண்ணாடிக் குடுவைகள். முதலாவதில் சாம்பல் நிறத்தில் கலங்கல். இரண்டாவது, காற்றடித்து நுண்ணுயிர்கள் தின்று தீர்த்த பிறகு எடுத்தது, லேசான மஞ்சள். மூன்றாவது சவ்வைத் தாண்டி வந்தது. அதன் பின்னால் இருந்த சுவர்க் கடிகாரத்தின் முள்ளைக்கூடத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. அரங்கில் காட்டிய அத்தனை படங்களையும்விட அந்த மேசை எனக்குப் புரியவைத்தது. ஆனால் என்னை அதிகம் யோசிக்கவைத்தது அந்த ஊழியர் சொன்ன வாக்கியம்தான்.

அவர் சொன்னதை நீட்டிப் பாருங்கள். சுத்திகரிப்பு என்பது நிலையத்தின் வாசலில் தொடங்குவதில்லை, நம் சமையலறைத் தொட்டியில், பட்டறையில், சாயக் கூடத்தில் தொடங்குகிறது. எதிர்ச் சவ்வூடு பரவல் எனப்படும் ஆர்.ஓ. சவ்வு உப்பையும் கிருமியையும் பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனால் சில சின்னஞ்சிறு மூலக்கூறுகள் அதையும் தாண்டி நழுவும். ஆரஞ்சு கவுண்டியின் பழைய நிலையத்தில் 2000களின் தொடக்கத்தில் என்.டி.எம்.ஏ., 1,4-டையாக்சேன் என்ற இரண்டு வேதிப்பொருள்களும் அப்படித்தான் தென்பட்டன. புதிய நிலையத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடோடு புற ஊதா ஒளியையும் சேர்த்தது இதுபோன்றவற்றுக்காகத்தான். அதோடு, யார் எதைச் சாக்கடையில் விடுகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. இஸ்ரேல் தன் கழிவுநீரில் ஏறக்குறைய 90 சதவீதத்தைச் சுத்திகரித்து விவசாயத்துக்குத் திருப்புகிறது. வயலில் போரானும் சோடியமும் சேர்ந்தால் பயிர் கெடும், மண் கெடும். அதனால் துணி துவைக்கும் பொடியில் அவை எவ்வளவு இருக்கலாம் என்பதற்கே அங்கே கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். வீட்டில் துணி துவைப்பவரின் கையிலும் அந்த வயலின் மண் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் அந்த வீட்டுக்காரரை வெறும் பார்வையாளராக நாற்காலியில் உட்காரவைத்துப் படம் காட்டினால் எப்படிச் சரியாகும்? அவர் உங்கள் நிலையத்தின் முதல் தொட்டி.

விவசாயத்துக்குக் கொடுக்கும்போது இது இன்னும் கூர்மையாகிறது. உலக சுகாதார நிறுவனம் 2006ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பாதுகாப்பு முழுவதையும் நிலையத்தின்மேல் மட்டும் சுமத்தவில்லை. சொட்டுநீர்ப் பாசனம், கடைசிப் பாசனத்துக்கும் அறுவடைக்கும் இடையே சில நாள் இடைவெளி, காயைக் கழுவுவது, தோலைச் சீவுவது என்று ஒவ்வொன்றையும் ஒரு தடுப்பாக எண்ணுகின்றன. இதையெல்லாம் செய்யப்போவது யார்? விவசாயி, பறிக்கிற கூலியாள், விற்பவர், வாங்கிச் சமைப்பவர். செய்யப்போகிறவரிடம் இது உங்களால் முடியுமா என்று கேட்காமல் வரைந்த பாதுகாப்புத் திட்டம் காகிதத்தோடு நின்றுவிடும். 2018ல் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீரைக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குக் கொண்டுபோனபோது, சில வாரங்களிலேயே ஏரியில் நுரை பொங்கியது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. தண்ணீருக்காகத் தவித்துக்கொண்டிருந்த மாவட்டம் அது. தண்ணீர் வேண்டாம் என்று யாரும் சொல்ல விரும்பியிருக்க மாட்டார்கள். எந்தத் தரத்தில் வரும், யார் சோதிப்பார்கள் என்பதை முன்கூட்டியே உட்கார்ந்து பேசித் தீர்த்திருந்தால் நீதிமன்றப் படி ஏறும் அளவுக்கு வந்திருக்குமா?

வீடுகளுக்கு இரட்டைக் குழாய், அதாவது குடிநீருக்கு ஒன்று, மறுசுழற்சி நீருக்கு ஒன்று, போடும் திட்டங்களிலும் இதே கதை. நீங்கள் மறுசுழற்சி நீர்க் குழாய்க்கு ஊதா நிறம் அடிக்கலாம். ஐந்து வருடம் கழித்து ஒரு பிளம்பர் அவசரத்தில் எதை எதோடு இணைக்கிறார் என்பது அந்த வீட்டுக்குள் நடக்கிற விஷயம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் அருகே லெய்ட்ஷ ரைன் என்ற புதுக் குடியிருப்பில் 2001ல் நடந்தது அதுதான். கழிப்பறைக்கும் துணி துவைக்கவும் தந்த பாதி சுத்திகரித்த ஆற்றுநீர், குழாய் மாறி இணைந்ததால் குடிநீரில் கலந்துவிட்டது. மக்களுக்கு வயிறு கெட்டது. பெரிய அளவிலான இரட்டைக் குழாய் முறையையே அந்த நாடு பிறகு கைவிட்டது. வாடகைக்கு இருப்பவரும் பிளம்பரும் உங்கள் கலந்தாய்வில் இருந்தார்களா என்று நான் கேட்பதற்குக் காரணம் இதுதான். வீட்டு உரிமையாளருக்கு மட்டும் அழைப்பு அனுப்பிவிட்டு ஊரைக் கேட்டோம் என்று எழுதிக்கொள்ள முடியாது.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள்.

முதலாவது, காலம். திட்ட அறிக்கை எழுதும் முன்பே கூப்பிடுங்கள். “நமக்கு இவ்வளவு தண்ணீர் போதவில்லை, என்ன செய்யலாம்?” என்ற இடத்திலிருந்து பேச்சு தொடங்கட்டும். குழாய்க் கசிவை அடைப்பது, மழைநீரைச் சேமிப்பது, கடல்நீரைச் சுத்திகரிப்பது, மறுசுழற்சி என எல்லாவற்றையும் அவற்றின் செலவோடும் மின்சாரத் தேவையோடும் மேசையில் வையுங்கள். கடைசியில் மறுசுழற்சிதான் சரி என்று வரலாம். பல ஊர்களில் அப்படித்தான் வரும் என்பது என் நம்பிக்கை. ஆனால் ஊர் தானே நடந்து அந்த முடிவுக்கு வந்திருக்கும். அந்தத் திட்டத்தை வறட்சி முடிந்து மழை வந்த பிறகும் ஊர் தூக்கிப் பிடிக்கும்.

அப்புறம், கெட்ட நாளைப் பற்றிப் பேசுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் விளக்கப் படங்களில் எல்லா நாளும் நல்ல நாளாகவே இருக்கிறது. மின்சாரம் போகும் நாள், சவ்வு கிழியும் நாள், ஏதோ ஒரு தொழிற்சாலை இரவோடு இரவாக அமிலத்தைத் திறந்துவிடும் நாள், மேன்ஹோல் மூடி மிதக்கும் நாள் எல்லாம் வரும். அன்றைக்குத் தண்ணீரை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? எத்தனை மணி நேரத்தில் தகவல் எங்களுக்கு வரும்? மாற்றுத் தண்ணீர் எங்கிருந்து? இதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நல்ல பொறியாளர் யாரும் இதை யோசிக்காமல் நிலையம் வரைய மாட்டார். பயந்துவிடுவார்கள் என்று நினைத்து எங்களிடம் மறைக்கிறீர்கள். மறைத்தால்தான் பயம் வருகிறது.

ஆர்.ஓ. சவ்வு ஒதுக்கித் தள்ளும் உப்புநீர் எங்கே போகும், கசடு எந்த நிலத்தில் போய் விழும் என்பதையும் அதே மேசையில் சொல்லுங்கள். நிலையத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு நீல அம்புக்குறியைவிட அதுதான் பெரிய விஷயம். சாக்கடையிலும் நிலையத்திலும் உழைப்பவர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள். எந்த இடத்தில் எப்போது அடைக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. வேலை முடிந்து வரக்கூடிய நேரத்தில், நாங்கள் பேசுகிற மொழியில் கூட்டம் நடக்கட்டும். திட்டச் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, ஊர்க்குழுவே தேர்ந்தெடுக்கும் ஒரு நிபுணரை வைத்துக்கொள்ள விடுங்கள். உங்கள் ஆய்வகத்தின் முடிவை அவர் படித்து, சரிதான் என்று எங்களிடம் சொன்னால் உங்கள் வேலை பாதி முடிந்தது. சோதனை முடிவுகளைக் கோப்பில் பூட்டாமல் வாரந்தோறும் வெளியிடுங்கள், அளவு தாண்டிய வாரத்திலும்.

எல்லாவற்றையும் கை தூக்கி வாக்கெடுத்து முடிவு செய்யச் சொல்லவில்லை. நீரில் எத்தனை கிருமி இருக்கலாம் என்பதை அறிவியல் சொல்லட்டும். எங்கே, எதற்கு, யாருக்கு முதலில், யார் கண்காணிப்பில், என்ன கட்டணத்தில் என்பவை அறிவியல் மட்டும் தீர்க்கிற கேள்விகள் இல்லை. அவற்றில் எங்களுக்குப் பங்கு வேண்டும். பங்கு கொடுத்தாலும் சிலர் கடைசிவரை மறுப்பார்கள், அது எனக்கும் தெரியும். கூட்டங்கள் இழுக்கும். அரசியல் லாபத்துக்காகப் பயம் கிளப்புபவர்களும் வருவார்கள். வறட்சி காத்திருக்காது, இதற்கெல்லாம் நேரமில்லை என்று உங்களில் சிலர் நினைப்பது புரிகிறது. அதனால்தான் ஏரி நிறைந்திருக்கும் ஆண்டிலேயே இந்தப் பேச்சைத் தொடங்குங்கள் என்கிறேன். தொண்டை வறண்டிருக்கும்போது கேட்டால் அது கலந்தாய்வு மாதிரி இருக்காது, நெருக்கடி மாதிரிதான் இருக்கும்.

கூட்டத்தில் எழும் ஒவ்வொரு கேள்விக்கும் எழுத்தில் பதில் கொடுங்கள். எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை என்று. ஏற்காததற்கு நல்ல காரணம் இருந்தால் பெரும்பாலானோர் ஒப்புக்கொள்வார்கள். என் பேச்சுக்கு மதிப்பு இருந்தது என்பது தெரிந்தால் போதும்.

அந்த அம்மாவைக் கூட்டம் முடிந்து வாசலில் பார்த்தேன். கையில் ஒரு தாள் வைத்திருந்தார். அதில் ஏழு கேள்விகள் எழுதியிருந்தன. கேட்க முடிந்தது ஒன்றுதான். அடுத்த கூட்டத்துக்கும் வருவேன் என்றார். நானும் வருகிறேன். மழைநாளில் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்பதிலிருந்து தொடங்கலாம், மீதி ஆறு கேள்விகளையும் அவரே வாசிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் குழாயில் தண்ணீர் பிடிக்கும் ஒருவர்